கடைசிப் பந்திக்காரி

போனை வைத்த பிறகுதான், தான் சொன்ன வார்த்தைகள் ஜரினாவுக்கே காதில் விழுந்தன.

“பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைங்க. பொண்ணுக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்ல. அவங்கப்பாவ ஒடனே பொறப்பட்டு வரச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர் இராமதாஸ். திருக்கனூருக்கும் அப்பால் ஒரு கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அந்தத் தெருவுக்கே அவர் கடையில்தான் போன். “ஐயய்யோ, அஞ்சலாட்சிக்கா?” என்றார். பிறகு ரிசீவர் எதன்மேலோ மோதும் சத்தம். செருப்புச் சத்தம். “தெய்வசிகாமணி அண்ணே!” என்று தெருவில் தேய்ந்துபோகும் கூப்பாடு.

ஜரினா ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாகப் பாதி ஆயுளைக் கழித்தவள். நோயாளி இறந்துபோனால் வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வது என்பது அவளுக்கு அத்துப்படி. செத்துவிட்டார் என்று போனில் யாரும் சொல்வதில்லை. பயப்படாதீர்கள், கொஞ்சம் உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வாருங்கள் என்றுதான் சொல்வது. கேட்கிறவர்களும் புரிந்துகொண்டு, மாலை வாங்கிக்கொண்டு, உறவைத் திரட்டிக்கொண்டு வந்து சேருவார்கள். அதே வார்த்தைகளை, அதே நிதானமான குரலில், உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்காக இப்போது சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

மறுபடி எண்ணைப் போட்டாள். எங்கேஜ்டு. இராமதாஸ் ரிசீவரை வைக்காமலே ஓடியிருக்கிறார். இன்னொரு முறை போட்டாள். அதே சத்தம்.

“சொல்லிட்டீங்களா ஜரினா?” என்று அலுவலறை வாசலில் வந்து நின்றார் வார்டன் நிர்மலா. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அதனால் விடுதி முழுக்க அவருக்கு மதாம் என்றுதான் பெயர்.

“சொல்லிட்டேன் மதாம். சொன்ன விதந்தான் சரியில்ல. சாவுக்கு வர்ற மாதிரி வரப்போறாங்க.”

“வரட்டும். வந்து கூட்டிட்டுப் போகட்டும். ஒரு பொண்ணு ரெண்டாவது தடவையா கேட்டுல மயங்கி விழறா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

முத்தியால்பேட்டையில் ஒரு அறக்கட்டளை நடத்திவந்த மாணவியர் விடுதி அது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலும் டவுன் கல்லூரிகளிலும் படிக்கிற பெண்கள். விவசாயி வீட்டுப் பெண்கள், சேதராப்பட்டுக் கம்பெனிகளில் கூலி வேலை பார்ப்பவர்களின் பெண்கள், மீன் விற்பவர்களின் பெண்கள். எல்லோருமே தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ஜரினா அங்கே துணை வார்டன். நர்ஸ் வேலையும் அவளுடையதுதான். கணவர் சர்க்கரை நோயில் போய்ச்சேர்ந்து, மகன் முஆஸ் சென்னையில் வேலைக்குப் போன பிறகு, காலி வீட்டைக் காத்துக்கொண்டு கிடக்கப் பிடிக்காமல் வந்து சேர்ந்தவள்.

அவள் பிறந்தது முல்லா வீதியில். தந்தை பக்ருதீன் மெத்தை தைப்பவர். அந்த வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் ஜரினா. நர்சிங் பள்ளி விடுதிக்குப் போனபோது, வாளி சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்தவர்கள் குளித்து முடிக்கும்வரை நின்று, இரவல் வாளியில் குளித்து, வகுப்புக்குத் தாமதமாகப் போய், தினமும் திட்டு வாங்கினாள். திட்டியவர்களும் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்ததும் உண்டு. ஒரு வாளிதான் காரணம்.

அதனால் இந்த விடுதிக்கு எந்தப் பெண் வந்தாலும் ஜரினா வாசலிலேயே கேட்டுவிடுவாள். வாளி இருக்கா? பூட்டு இருக்கா? கொடிக்கயிறு இருக்கா? பிறகு மற்ற பாடங்கள். புரொபசர் அறைக்கு வெளியே அவர் பார்க்கும்வரை நிற்காதே, கதவைத் தட்டு. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல், தலையாட்டாதே. பஸ்ஸில் இடம் இருந்தால் உட்கார், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டு நினைப்பில் அழுகிற பெண்களை அவள் சமாதானம் செய்வதில்லை. “அழுது முடிச்சுட்டு மூஞ்சி கழுவிட்டு வா, பேசலாம்” என்பாள். வந்தால் பேசுவாள்.

எல்லாவற்றையும் கேட்டாயிற்று என்றுதான் நினைத்திருந்தாள். அஞ்சலாட்சி விஷயத்தில் எதுவும் பிடிபடவில்லை.

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருடம். பி.எஸ்சி. முழுக்க வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்து படித்தவள். விடுதி வாழ்க்கை இதுதான் முதல் முறை. வாளி, பூட்டு, கயிறு எல்லாம் இருந்தன. யாரிடமும் வம்புக்குப் போகிறவள் அல்ல. ஆனால் வந்ததிலிருந்து இளைத்துக்கொண்டே போனாள். போன வாரம் பஸ் ஏறப்போகும்போது கேட்டருகே மயங்கி விழுந்தாள். இன்று காலை மறுபடியும். இந்தத் தடவை வாந்தி வேறு. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, ரத்தம் குறைவு, சாப்பாடு போதவில்லை என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

“நீ சாப்பிடறதில்லையா?” என்று ஜரினா கேட்டாள்.

“தெனமும் மெஸ்ஸுக்குப் போறேன்க்கா.”

மெஸ் சமையல்காரி கன்னியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாள். வைத்திக்குப்பத்துக்காரி. பொய் சொல்ல நேரமில்லாதவள்.

“அஞ்சலாட்சியா? ஒரு வேள தவறமாட்டா. அவ வந்தாத்தான் எனக்குக் கையும் ஓடும் காலும் ஓடும்.”

மூன்று வேளையும் மெஸ்ஸுக்குப் போகிற பெண்ணுக்குச் சாப்பாடு எப்படிப் போதாமல் போகும்? டாக்டர் சொன்னதும் கன்னியம்மாள் சொன்னதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

மாடியில் பெண்கள் மயக்கத்தையும் வாந்தியையும் ஒட்டிப் பார்த்துவிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்ததால் எல்லோரும் அறைகளில்தான் இருந்தார்கள். ஜரினா மாடிப்படியைக் கடந்தால் பேச்சு நின்றது. தாண்டியதும் மறுபடி தொடங்கியது.

நிர்மலா மதாம் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வாந்தி, மயக்கம். நான் வாயைத் தெறந்து சொல்லணுமா?”

“வேணாம் மதாம்.” ஜரினாவுக்கும் காலையிலிருந்து அந்த எண்ணம்தான்.

“அவங்க வர்றதுக்குள்ள தெரிஞ்சாகணும். தெரியாம அவ அப்பா மொகத்துல நான் முழிக்க முடியாது.”

மெடிக்கல் ஷாப்பில் சோதனை அட்டை வாங்கிவர ஜரினா தானே போனாள். ஆள் அனுப்பினால் அந்த ஆளின் வாயையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

சிக் ரூமில் அஞ்சலாட்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குளுக்கோஸ் பாட்டில் பாதிக்குமேல் காலியாகியிருந்தது.

“எழுந்திரு. இந்தக் கப்புல சிறுநீர் பிடிச்சுட்டு வா. பாட்டில நான் பிடிச்சுக்கறேன்.”

“எதுக்குக்கா?”

“போயிட்டு வா, சொல்றேன்.”

கழிவறைக் கதவுக்கு வெளியே, ட்யூப் எட்டும் தூரத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜரினா நின்றாள். திரும்பி வந்த அஞ்சலாட்சியின் கண் மேஜைமேல் இருந்த அட்டையில் விழுந்தது. கெமிஸ்ட்ரி படிக்கிற பெண். படித்துப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, நீங்களுமா?”

“நானுந்தான். நான் அட்டையில பாத்துட்டுப் போயிடுவேன். பாக்கலன்னா ஊரு வாயால பாக்கும்.”

ஒரு கோடு மட்டும் வந்தது. இன்னொன்று வருமா என்று, சொல்லியிருந்த நேரத்துக்கு மேலும் ஜரினா காத்திருந்தாள். வரவில்லை. அட்டையைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையின் அடியில் திணித்தாள்.

“ஒண்ணுமில்ல” என்றாள்.

“ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியாதாக்கா?” அஞ்சலாட்சி அழவில்லை. அதுதான் மோசம். “அப்பாவ வேற ஏன் கூப்ட்டீங்க? அத்தகிட்ட அவரு வாக்குக் குடுத்து வெச்சிருக்காரு. என்னப் பத்தி ஒரு சொல்லு வந்துச்சுன்னா படிப்ப நிறுத்திட்டு, அவங்க வூட்டுக்கே மருமவளா அனுப்பிடறேன்னு. அந்த வாக்க வாங்கிக்கிட்டுத்தான் அத்த என்ன இங்க வுட்டுச்சு.”

“அத்த மவன் எப்படி?”

“சேதராப்பட்டுல கம்பெனிக்குப் போவுது. நல்லதுதான். எனக்குத் திங்கக்கெழம பரீட்ச.”

ஜரினா நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாதபோது அவள் கை தானாக அங்கேதான் போகும்.

உச்சி வெயில் சாய்ந்தபோது, தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது.

மாடிப் பெண்கள் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்கள். ஜரினா ஊசியைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்தி, பிளாஸ்டர் ஒட்டினாள். “வா. வாசல்ல வந்து ஒக்காரு. அவங்க கண்ணுல நீ மொதல்ல படணும்.” முன்கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தாள்.

வேன் கதவு திறந்ததும் முதலில் இறங்கியவள் அத்தை கொளஞ்சி. முந்தானை தரையில் புரள, மார்பில் அடித்துக்கொண்டு, “என்னப் பெத்த தாயே, என் வூட்டுக்கு வெளக்கேத்த வர்றேன்னியே, ஒன்ன வாரிக் குடுத்துட்டனே...” என்று பாடிக்கொண்டே படி ஏறினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சியைப் பார்த்தாள். பாட்டு நடுவில் நின்றது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பின்னால் வந்த பெண்கள் அவள் முதுகில் மோதி நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால், கையில் பெரிய ரோஜா மாலையோடு வேன் டிரைவர்.

“அத்த” என்று எழுந்தாள் அஞ்சலாட்சி.

“அடிப்பாவி, உசுரோட இருக்கியாடி!”

அது சந்தோஷமா திட்டா என்று கொளஞ்சிக்கே விளங்கியிருக்காது. டிரைவர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறையாத அளவுக்கு அது பெரிய மாலை.

சித்தப்பா பெரியப்பாக்கள் இறங்கிய பிறகு தெய்வசிகாமணி கடைசியாக வந்தார். ஒல்லியான மனிதர், கழனியில் இருந்தபடியே கிளம்பி வந்த வேட்டி. மகளைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, அவள் கையிலிருந்த பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்தார். மனைவி செல்வாம்பாள் அவருக்குப் பின்னால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இருக்கற புள்ளக்கி எதுக்கும்மா அப்பிடி ஒரு போனு போட்டீங்க?” என்று ஜரினாவைக் கேட்டார்.

“தப்பு என்னுதுதான்” என்றாள் ஜரினா. அதற்குமேல் விளக்கவில்லை.

கொளஞ்சி சுதாரித்துக்கொண்டாள். “மாலயே வாங்கியாந்துட்டம். உசுரோட இருக்கறவளுக்கு மால எடுத்தாந்த எடத்துல இனிமே அவள வுட்டுட்டுப் போனா வெளங்குமா? எடுடி ஒம் பொட்டிய. அண்ணே, நீ கம்முனு நிக்காத.”

தெய்வசிகாமணி மகளைப் பார்த்தார். “பொட்டி எங்க இருக்கு?”

“மேலப்பா.”

“எடுத்தா.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அப்படிச் சொல்கிற மனிதரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்று ஜரினாவுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். சாவுக்குக் கிளம்பியவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டார்கள். வார்டு வராந்தாவில் நடந்த சண்டைகளில் பாதி வெறும் வயிற்றில் நடந்தவைதான்.

“பொட்டி எங்கயும் ஓடாது. மொதல்ல எல்லாரும் கை கழுவிட்டு வந்து சாப்பிடுங்க. சாப்ட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்கல.”

“சோறு திங்கவா வந்தோம்?” என்றாள் கொளஞ்சி. ஆனால் அவளோடு வந்த பெண்கள் கைகழுவும் இடம் எங்கே என்று ஏற்கெனவே பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

மெஸ்ஸில் விடுதிப் பெண்கள் சாப்பிட்டது போக, தாமதமாக வருகிறவர்களுக்கென்று எடுத்துவைத்த சோறும் சாம்பாரும் இருந்தன. கன்னியம்மாள் தட்டுகளை அடுக்கினாள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. “போய்ப் படு” என்று அஞ்சலாட்சியைச் சிக் ரூமுக்கு அனுப்பிவிட்டு, ஜரினா தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

வந்து பார்த்தால், அஞ்சலாட்சி மெஸ்ஸில் இருந்தாள். தாவணி முனையைச் செருகிக்கொண்டு, பிளாஸ்டர் ஒட்டிய கையில் சோற்றுக் கரண்டியோடு.

திட்டுவதற்கு வாயெடுத்த ஜரினா அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணைக் கட்டிலில், பஸ் நிறுத்தத்தில், புத்தகத்தோடு எல்லாம் பார்த்திருக்கிறாள். மெஸ்ஸில் பார்த்ததில்லை. மெஸ் நேரத்தில் ஜரினா தொழுகைக்கோ மருந்து கொடுக்கவோ போய்விடுவாள். இப்போது பார்த்தாள். யாருக்கு எப்போது சோறு வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே அவள் கை போயிற்று. அப்பாவுக்குக் குழம்பு அதிகம், அத்தைக்கு ரசம் தனியாக. எதிர்ச் சுவர் ஓரத்தில் செல்வாம்பாள் சாம்பார் வாளியோடு நின்றாள். தாயும் மகளும் ஒரே மாதிரி நின்றார்கள், ஒரு காலில் பாரத்தைச் சாய்த்து, கண்ணைத் தட்டுகளின்மேல் வைத்துக்கொண்டு.

“கன்னியம்மா” என்று ஜரினா மெதுவாகக் கேட்டாள். “இவ தெனமும் இப்படித்தானா?”

“பின்ன? மூணு வேளையும் எல்லா பொண்ணுங்களுக்கும் இவதான் போடுவா. எனக்கு ஒத்தாசக்கி ஆள் வெக்கலன்னு மதாம்கிட்ட சண்ட போட்டுட்டு இருந்தேன். இவ வந்ததுக்கப்பறம் வுட்டுட்டேன்.”

“எப்ப சாப்பிடறா?”

“எல்லாரும் முடிச்சப்பறம்.”

“அப்ப என்ன மிச்சமிருக்கும்?”

கன்னியம்மாள் அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். பாத்திரம் துலக்கும் அவசரத்தில் அதை அவள் ஒருநாளும் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஜரினாவின் வீட்டில் பெண்கள் ஒரு பெரிய சஹனைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிடுகிற பெண் என்று ஒருத்தி இருப்பாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அஞ்சலாட்சி தன் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டால், அம்மா எதையாவது ஒளித்துவைத்திருப்பாள். இங்கே விடுதி முழுவதும் சாப்பிட்ட பிறகு அண்டாவில் ஒன்றும் இருக்காது. வாளியைக் கேட்டாள், பூட்டைக் கேட்டாள், கயிற்றைக் கேட்டாள். இதைக் கேட்கவில்லை.

சோறு தீர்ந்தது. அஞ்சலாட்சி அண்டாவைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்து, ஒரு தட்டில் போட்டு அம்மாவிடம் நீட்டினாள். அம்மா பாதியை அவளிடமே தள்ளினாள். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாய்.

ஜரினா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய், தெய்வசிகாமணியின் முன்னால் வைத்தாள்.

“இதுதாங்க அவ தெனமும் சாப்பிடறது. நோவு ஒண்ணும் இல்ல. ஊருக்கெல்லாம் போட்டுட்டு அண்டாவ வழிச்சுத் தின்னுட்டு, நாள் பூரா லேப்புல நிக்கறா. மயங்காம என்ன செய்வா?”

கொளஞ்சி ரசத்தை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள். “பொம்பளப் புள்ளன்னா அப்பிடித்தான் வளத்திருக்கோம். அதுல என்னா கொற கண்டீங்க? எங்க வூட்ல பொம்பளைங்க மொத பந்தில ஒக்காந்து மொழுங்குறது இல்ல.”

“நீங்க ஒக்காந்திருக்கீங்களே.”

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். கொளஞ்சியின் முகம் சிவந்தது.

“நான் விருந்தாளி. பேச்ச மாத்தாதீங்க. கை கழுவற எடத்துல மாடிப் பொண்ணுங்க பேசிக்கிச்சு, நான் காதால கேட்டேன். வாந்தியாமே? மயக்கம் இருக்கட்டும், வாந்தி எதுக்கு வருது?”

தெய்வசிகாமணியின் கை, சோற்று உருண்டையோடு, தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவர் காதில் விழக்கூடாது என்று இருந்த சொல் வந்தேவிட்டது. நிர்மலா மதாம் வாசலில் நின்று ஜரினாவைப் பார்த்தார். வேண்டாம் என்பது அந்தப் பார்வை.

“எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு” என்றாள் ஜரினா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “காலையில சோதன பண்ணிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. வெறும் வயித்துல குடிச்ச டீதான் வெளிய வந்துச்சு. வேற எவளாவது இதப் பத்திப் பேசினா, எங்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க.”

அஞ்சலாட்சி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறாள், சித்தப்பா பெரியப்பாக்கள் இருக்கிறார்கள். அவள் ஜரினாவைப் பார்த்த பார்வையில் நன்றி என்று ஒன்றும் இல்லை.

தெய்வசிகாமணி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து, வழித்த சோறு இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ இன்னும் சாப்பிடலியா?” என்று மகளைக் கேட்டார்.

“நீங்க சாப்பிடுங்கப்பா” என்றாள் அவள், பழக்கத்தில்.

“அதான் சாப்ட்டு எழுந்துட்டனே.” இத்தனை வருஷத்தில் சாப்பிட்டாயா என்று அவர் மகளிடமோ மனைவியிடமோ கேட்டுப் பழகியிருக்கவில்லை.

“கன்னியம்மா, ஒல வையி” என்றாள் ஜரினா. பிறகு அவரிடம் தணிந்த குரலில் சொன்னாள். “கூட்டிட்டுப் போறதும் விடறதும் ஒங்க விருப்பம். விட்டுட்டுப் போறதா இருந்தா ஒண்ணு செய்யணும். மொத மணி அடிச்சதும் ஒக்காந்து சாப்பிடுன்னு நீங்க சொல்லணும். நான் சொன்னா தலையாட்டிட்டு மறுபடி கரண்டியத் தூக்குவா. அவளுக்கு அது தப்பு. நீங்க சொன்னாத்தான் தப்பில்லன்னு ஆவும்.”

உலை கொதித்து, அரிசி வெந்து, கன்னியம்மாள் வடிக்கிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். கொளஞ்சி மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “நேரமாவுதுண்ணே, வேன்காரன் கத்துவான்” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். வேன்காரன் மூலையில் அமர்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை.

சோறு வந்தது. ஜரினா இரண்டு தட்டு வைத்தாள்.

“ஒக்காரு” என்றார் தெய்வசிகாமணி.

“நீங்க நிக்கறீங்கப்பா.”

“நான் நின்னா என்னா? ஒக்காருன்றேன்ல.”

அஞ்சலாட்சி உட்கார்ந்தாள். சோற்றில் கைவைத்தாள். வாய்க்குப் போகவில்லை. அப்பா நிற்க, தான் உட்கார்ந்து தின்ன அவளுக்குக் கை வரவில்லை. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய், வராந்தாவில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் முதல் வாயை எடுத்தாள்.

“நீங்களும் ஒக்காருங்க” என்று செல்வாம்பாளிடம் சொன்னாள் ஜரினா.

“பசியில்லம்மா.”

“பசியில்லன்னு சொல்றவங்க எல்லாரையும் நான் பாத்துட்டேன். ஒக்காருங்க.”

“நல்லாருக்கு பந்தி” என்றாள் கொளஞ்சி. “ஆம்பள வாசல்ல காவலு, பொம்பள உள்ள விருந்து. இதத்தான் காலேஜில சொல்லித் தர்றாங்களா?”

வராந்தாவிலிருந்து தெய்வசிகாமணியின் குரல் வந்தது. திரும்பாமலே பேசினார்.

“கொளஞ்சி, அவளப் பத்தி ஒரு சொல்லு வந்தா நிறுத்திடறேன்னு ஒங்கிட்ட சொன்னேன். இப்ப வந்தது பசி. பசிக்கு நான் ஒனக்கு வாக்குக் குடுக்கல.”

“அப்ப எம் புள்ள?”

“பரீட்ச முடியட்டும். அப்பறம் பாப்பம்.”

முடியாது என்றும் அவர் சொல்லவில்லை, ஆகட்டும் என்றும் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு அது போதும்.

வேன் கிளம்பும்போது மாலைதான் பெரும் பிரச்சினையாக இருந்தது. திரும்ப எடுத்துப்போகக் கொளஞ்சி சம்மதிக்கவில்லை. வாசலில் போடவும் விடவில்லை. கடலில் விட வேண்டும் என்றாள். ஜரினா அதை டிரைவர் கையிலிருந்து வாங்கி, “ஒங்க வூட்டு ஆட்டுக்குப் போடு” என்று கன்னியம்மாளிடம் கொடுத்தாள். “ஆடு செத்துப்போவும், பாத்துக்க” என்று எச்சரித்துவிட்டு ஏறினாள் கொளஞ்சி. ஆடு அதற்குப் பிறகும் வைத்திக்குப்பத்தில் வலைகளைக் கடித்துக்கொண்டு நன்றாகவே இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் விடுதிக்கு வந்த பெண்களிடம் ஜரினா வாளி, பூட்டு, கயிறு கேட்ட பிறகு, “ஒங்க வூட்ல யாரு கடைசியா சாப்பிடுவாங்க?” என்றும் கேட்டாள். நிர்மலா மதாம் மெஸ்ஸுக்கு உதவியாள் ஒருத்தியை வைத்தார். கன்னியம்மாள் அவளோடும் தினமும் சண்டை போட்டாள்.

ஆனால் அஞ்சலாட்சி அந்தப் பரீட்சை முடியும்வரை ஜரினாவோடு பேசவில்லை. சோதனை செய்ததுகூடப் பரவாயில்லை, அதைப் பந்தியில் வைத்துச் சொன்னதுதான் அவளுக்கு ஆறவில்லை என்று அறைத்தோழி வந்து சொன்னாள். “சரி” என்றாள் ஜரினா. அன்றைக்கு வேறு வழி இருந்ததா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். இருந்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

பரீட்சை தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை காலை முதல் மணி அடித்ததும், ஜரினா மருந்துப் பெட்டியைப் பூட்டிவிட்டு மெஸ் வாசலில் போய் நின்றாள். அஞ்சலாட்சி தட்டோடு வந்தாள். கண் நேராகக் கரண்டிக்குத்தான் போயிற்று. கன்னியம்மாள் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “போ, ஒக்காரு” என்றாள். அவள் வரிசையின் முதல் இடத்தில் உட்காராமல், நடுவில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தாள். மறுபக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டாள். தட்டு காலியானபோது ஜரினா போய், கேட்காமலே இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துத் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, காலாப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.